ரேடியேட்டரில் மாவிலை செருகியது குறித்து

ஜப்பானியக் கணக்கில் 2603ஆம் வருடம் (இங்கிலீஷ் கணக்கில் 1943), அக்டோபர் மாதம். ரெம்பாவ் போலீஸ் ஸ்டேஷன்.

என் பெயர் வள்ளிநாயகி. வயது இருபத்துமூன்று. கணவர் பெயர் கணேசமூர்த்தி, தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி. ரெம்பாவுக்கு அடுத்த ரப்பர் தோட்டத்தில், கிராணி வீட்டில் வசிக்கிறேன். ஏழு மாதப் பெண்குழந்தை உண்டு. இப்போது மடியில் இருக்கிறாள். சென்னையில் இண்டர்மீடியட் படித்தவள் என்பதால், சார்ஜன்ட் திருநாவுக்கரசு அவர்கள் என்னையே எழுதச் சொன்னார்.

ஜப்பானியர் வந்து வெள்ளைக்காரத் துரைமார் ஓடிப்போன பிறகு, கிராணியான என் கணவரே தோட்டத்து லாரியை ஓட்டி வருகிறார். முந்தாநாள் ஆயுத பூஜை. அவர் லாரியைக் கழுவி, ரேடியேட்டரில் தண்ணீர் நிறைத்துவிட்டுக் குளிக்கப் போனார். அதன் பிறகு நானும் பக்கத்து வீட்டு மாரியம்மாவும் லாரிக்குச் சந்தனம் வைத்து, முன்பக்கம் பூமாலை கட்டினோம். மாலைக்குப் பின்னால் துரு தெரிந்தது.

"மூஞ்சி மொட்டையா இருக்குலா, கிராணியம்மா," என்றாள் மாரியம்மா.

அதன் பிறகு நான் ஒரு கூடை மாவிலையை எடுத்து, ரேடியேட்டர் முன்னால் உள்ள கம்பி இடுக்கு ஒன்று விடாமல் செருகினேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. என் கணவர் கண்ணில் பட்டது மாலை மட்டுமே. மூன்று நாள் கழியாமல் பூஜைக் கட்டை அவிழ்ப்பது எங்கள் தோட்டத்தில் வழக்கமில்லை.

நேற்று பட்டாளத்துக்கு மரவள்ளிக்கிழங்கு ஏற்றிக்கொண்டு லாரி புறப்பட்டது. ஜப்பானிய ஆபீசர் ஒருவர் முன்னாலும், கங்காணி வீரமுத்து கிழங்கின் மேலும் உட்கார்ந்திருந்தார்கள். மேடு ஏறும்போது லாரி கொதித்து, ஆவி விட்டு நின்றது. தண்ணீரை வேண்டுமென்றே திறந்துவிட்டதாகச் சொல்லி, ஆபீசர் லாரியை இந்த ஸ்டேஷனுக்கு இழுத்துவரச் செய்து, என் கணவரை லாக்கப்பில் வைத்தார். நாசவேலை என்று எழுதினால் சயாம் ரயில் பாதை போடும் வேலைக்கு அனுப்பிவிடுவார்களாம். இதை வீரமுத்து ஓடிவந்து சொன்னார். அதோடு, "என்ன மாயமோ தெரியல கிராணியம்மா, பொகையில மாவிலை வெந்த வாசம் அடிக்குதுலா," என்றார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. எஞ்சினின் சூட்டைத் தண்ணீர் வாங்கிக்கொண்டு ரேடியேட்டருக்கு வருகிறது. அங்கே மெல்லிய குழாய்களில் இறங்கும்போது, இடுக்குகளில் புகும் காற்று அந்தச் சூட்டைக் கொண்டுபோகிறது. ஆறிய தண்ணீர் திரும்ப எஞ்சினுக்குப் போகிறது. காற்றுக்கு வழியில்லையென்றால், எவ்வளவு தண்ணீர் இருந்தாலும் கொதித்தே தீரும். இதைப் பாடமாகப் படித்துப் பரீட்சையும் எழுதியவள் நான்.

அதன் பிறகு, இன்று விடிந்ததும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஐந்து மைல் நடந்து வந்து சொன்னேன். ஆபீசர் முன்னிலையில் சார்ஜன்ட் மாலையை அவிழ்த்து, இலைகளைப் பிடுங்கினார். நாற்பத்தாறு வரை எண்ணிவிட்டு, "படிச்ச புள்ள செய்ற வேலையாம்மா இது?" என்றார். தண்ணீர் ஊற்றி, என் கணவரை உட்காரவைத்து, அரை மணி நேரம் எஞ்சினை ஓடவிட்டார்கள். கொதிக்கவில்லை. ஆபீசர் ஓர் இலையை எடுத்து ரேடியேட்டருக்கு எதிரே நீட்டினார். உள்ளே சுற்றும் காற்றாடி இழுத்து, இலை போய் ஒட்டிக்கொண்டது. அதன் பிறகு சிரித்தார். எடுத்து மறுபடியும் நீட்டினார்.

"வள்ளி, அடுத்த வருசம் நீ சாமி கும்பிட்டா போதும். அலங்காரத்த நான் பாத்துக்கிறேன்," என்று என் கணவர் லாரியிலிருந்து கத்தினார்.

நாசவேலை எதுவும் நடக்கவில்லை. என் கணவர் மீது குற்றமில்லை. இலை செருகியது நானே. நடந்ததை நடந்தபடி, ஒருவர் மிரட்டலும் இல்லாமல் எழுதி, வாசித்தும் காட்டினேன். நான் கையெழுத்துப் போட்டதும் அவரை விடுவதாகச் சொல்கிறார்கள். வெளியே எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆகையால் இத்துடன் முடிக்கிறேன்.

(ஒப்பம்) க. வள்ளிநாயகி