மதிலுக்கு இருபுறமும் கை வரையக் கற்பித்த ஒத்தீலியா வார்கயா அம்மையாருக்கு

மனிதரை மனிதராகப் பார்க்கும் கண்ணுக்கு எங்கள் சந்தையில் விலை ஒரு சோல் நாணயம். மாட்டிதயத்தைக் கம்பியில் கோத்துச் சுடும் கடை அடுப்பில் மீந்த கரி, ஒரு பை. பேரம் பேசத் தெரிந்தால் அதிலும் பாதி. அந்தக் கரியைக் கொண்டே இருபத்தேழு ஆண்டுகள் கண் திறந்துவைத்த கலைச்செல்வியே, லீமாவின் புழுதிக் குன்றுக்குப் பொலிவு தந்த பெருமாட்டியே, தங்களை வணங்கி வழியனுப்புகிறோம்.

இருப்போரையும் இல்லோரையும் பிரிக்கும் மதிலின் மேற்புறத்துப் பிள்ளைகளையும் கீழ்ப்புறத்துப் பிள்ளைகளையும் சனிக்கிழமைதோறும் ஒரே பலகையில் அமர்த்தியவர் தாங்கள். அழிப்பானுக்கும் அவசரத்துக்கும் அங்கே அனுமதியில்லை. "உங்களுக்குச் சமைச்சுப் போடுறவங்க கையை வரையுங்க" என்றீர்கள் ஒருநாள். மேற்புறத்து மாளிகைச் சிறுமி ஃபியொரெல்லாவின் தாள் வெறுமையாகவே இருந்தது.

"எங்க வீட்டு நீல்டா கையை நான் பார்த்ததே இல்லை டீச்சர்."

"அது எங்கம்மா" என்றான் கீழ்ப்புறத்து எல்மெர், தலை நிமிராமல். "கட்டைவிரல்ல தழும்பு இருக்கும். உங்க வீட்டு இஸ்திரிப்பெட்டி வச்ச சூடு. ஓசியாத்தான் சொல்றேன், வரைஞ்சுக்கோ."

மறுவாரம் அவள் அந்தத் தழும்போடு கையை வரைந்து வந்தாள். அதைத் தன் வீட்டாரிடமும் காட்டி, "இதுக்கு யாராவது மருந்து போட்டீங்களா?" என்று கேட்டிருந்தாள். அந்த மாதமே நீல்டாவுக்கு வேலை போயிற்று. தாங்கள் மதிலைச் சுற்றி நடந்து மன்றாடப் போனீர்கள். வாயிற்காவலர் உள்ளே விடவில்லை. மேற்புறத்துப் பள்ளி தன் பிள்ளைகளை அனுப்புவதை நிறுத்திக்கொண்டது. எல்மெர் அதன்பின் கரியைத் தொடவில்லை. ஆனாலும் அடுத்த சனிக்கிழமையும் பலகையைத் துடைத்துவைத்துக் காத்திருந்தீர்கள்.

அத்தகைய பொறுமைக்குப் பரிசாக நாங்கள் செய்ததை இச்சபையில் மறைக்க மாட்டோம். தாங்கள் ஓய்வுபெறுவது உறுதியானதும் ஓவிய வகுப்பு நேரங்களை எங்களில் எந்தப் பாடத்தாருக்குப் பங்கிடுவது என்று தலைமையாசிரியர் தாள் நீட்டினார். "கரியை வச்சு எந்தக் கல்லூரியில சீட்டு வாங்குறது?" என்றார் எங்களில் ஒருவர். சிரித்தோம். கையெழுத்திட்டோம். பார்க்கக் கற்பித்தவரின் முகத்தை ஏறிட்டுப் பாராமலே அது நடந்து முடிந்தது. இனி இங்கே எந்தப் பிள்ளையும் எவர் கையையும் வரையப்போவதில்லை.

முழங்கால் நோவு முற்றும் தீர்ந்து, மூடுபனி மாதங்களிலும் மூச்சு முட்டாமல், நெடிது வாழ்க அம்மையே.

இவ்வண்ணம்,
கணித ஆசிரியர் ஐவர்: எடுத்துக்கொண்டது வாரம் மூன்று வகுப்பு.
ஆங்கில ஆசிரியர் நால்வர்: இரண்டு.
கணினி ஆசிரியர் இருவர்: ஒன்று.
ஆக ஆறு. திருப்பித் தந்தது: ஒன்றுமில்லை.