மலையின் உச்சந்தலை

— தெர்மாகோலை இன்னும் கொஞ்சம் சாய்ச்சுப் பிடிண்ணா. குக்கரோட வலது கன்னம் இருட்டா இருக்கு.

— குக்கருக்கு ஏதுடி கன்னம்? மூணு படம் எடுத்த டைரக்டர் நான். ரெண்டு மாடி ஏறி மூச்சிரைக்க வந்தவனுக்கு ஒரு வாய் தண்ணி குடுக்காம தெர்மாகோலைக் குடுக்கறே.

— லிஃப்ட் ஓடாதுன்னு கீழயே எழுதி ஒட்டியிருக்கு. தண்ணி அப்புறம். ஜன்னல் வெளிச்சம் இன்னும் அரைமணிதான் இந்த மேஜை மேல விழும். அசையாதே.

— எத்தனை நாளா இந்தப் பொழப்பு?

— உன் படத்துலேர்ந்து என்னைத் தூக்கி எறிஞ்சதுலேர்ந்து. ஒரு வருஷமாச்சு. பாத்திரக் கம்பெனிக்காரங்களுக்கு விளம்பரப் புஸ்தகம். மூணு லிட்டர், அஞ்சு லிட்டர், ஏழு லிட்டர். நேரத்துக்கு வராங்க, வசனம் மறக்கறதில்ல, ஒருத்தருக்கும் ஒட்டு முடி கிடையாது.

— இதையும் தரையில உக்காந்துதான் எடுக்கறியா?

— ஆமா. கம்பெனி முதலாளி பாத்துட்டு, "என்னம்மா, நம்ம குக்கர் கலங்கரை விளக்கம் மாதிரி நிக்குதே"ன்னு கண்ணு கலங்கிட்டாரு.

— அந்த முதலாளிக்குக் குடுத்து வெச்சிருக்கு. குண்டூசி, நான் சொல்றதைக் கேளு. நாலாம் பாகம் நாறிப் போச்சு.

— நாறட்டும். அதுக்குத்தான் ஒட்டகச்சிவிங்கியைக் கூட்டிட்டு வந்தியே. ஆறடி ரெண்டங்குலம். கேமராவை வெளிநாட்டுல போய்ப் படிச்சவரு.

— அதான்டி வினையே. அவரு நேரா நின்னு அவரு கண்ணு மட்டத்துக்குக் கேமராவை வெச்சாரு. நம்ம ஹீரோ அஞ்சடி மூணங்குலம். பன்னெண்டு நாள் எடுத்ததைப் போட்டுப் பாத்தோம். மூணு பாகமா ஊரே அண்ணாந்து பாத்து 'மலை, மலை'ன்னு கத்தின ஆளு, கிணத்துக்குள்ள விழுந்துட்டு மேல பாத்துக் கை காட்டற மாதிரி இருக்காரு.

— மலைக்கும் மடுவுக்கும் நடுவுல ஒரு கேமரா ஸ்டாண்டுதான் வித்தியாசம்.

— சிரிக்காதே. விக்கோட வகிடு தெரியுது. நாலு விரக்கடை ஹீல்ஸ் வெச்ச பூட்ஸ் தெரியுது. தரையில ஒயர், ஒட்டின டேப்பு, யாரோ குடிச்சுப் போட்ட டீ கிளாஸ். ஆர்ட் டைரக்டர் ஒரு மூலையில உக்காந்து அழறாரு. "மூணு படமா எனக்கு மேல்கூரைதான் வேலை. கீழ தரைன்னு ஒண்ணு இருக்குன்னு யாரும் சொல்லலையே"ங்கறாரு.

— பாவம். என் ஃப்ரேமுக்காக ஏணி மேல ஏறி நின்னு ஒட்டடையைக் கையால கட்டின மனுஷன்.

— மலை கதவைத் திறந்துட்டு வந்தா தியேட்டர்ல விசில் பறக்கணும். இப்ப வந்தா, மீட்டர் கணக்கெடுக்க வந்தவரு மாதிரி இருக்கு.

— எழுதினாங்களே பெரிய பெரிய ஆளுங்க. என் கேமரா எளியவனோட பார்வை, பூமியோட பார்வைன்னு. அதை ஒட்டகச்சிவிங்கிக்குப் படிச்சுக் காட்ட வேண்டியதுதானே.

— அது உன் தத்துவம். நீதான் வந்து வெக்கணும்.

— என்ன தத்துவம்? நான் நாலடி பத்தங்குலம். முதல் நாள் ஏறி நிக்கப் பெட்டி போடட்டுமான்னு நீ கேட்டே, வேணாம்னுட்டேன். பாதி தத்துவம் அவ்ளோதான். மீதிப் பாதிதான் வேலை. ஒரே ஜன்னல், ஒரே வெளிச்சம். மலையோட தாடைக்குக் கீழ இருட்டு இருக்கணும். வாயைத் திறக்கற நேரத்துக்குத்தான் ஒரு அடி முன்னாடி வந்து வெளிச்சத்துல முகம் காட்டணும். அந்த ஒரு அடிக்குத்தான் விசில். வசனத்துக்கில்ல.

— வசனம் நான் எழுதினது.

— தெரியும். அதான் சொல்றேன்.

— நீயும் அந்த விமர்சகனும் ஒண்ணு. மூணாம் பாகத்துக்கு ஒரு பக்கம் எழுதினான். பக்கம் பூரா உன் கேமரா. என் பேரு கடைசி வரியில. எனக்கு முந்தின வரியில அந்த நாய்.

— நாய் நல்லாத்தான் நடிச்சுது.

— நான் ஒண்ணும் அதை மனசுல வெச்சுக்கல. சத்தியமா.

— சத்தியமாவா? சின்ன வயசுல அப்பா கடிகாரத்தை உடைச்சிட்டு "சத்தியமா பூனை தள்ளிவிட்டுது"ன்னே. அப்பா பூனையை ரெண்டு நாள் தேடினாரு. நம்ம வீட்டுல பூனையே இல்ல.

— இப்ப அந்தக் கதை எதுக்கு? நான் சொல்றதைக் கேளு. பதினஞ்சு நாள் வா. எடுத்ததையெல்லாம் திரும்ப எடுத்துக் குடு. படம் நின்னுடும்டி. மலை செட்டுக்கே வர மாட்டேங்கறாரு.

— டைட்டில்ல என் பேரு?

— அங்கதான் ஒரு சின்னச் சிக்கல். ஒட்டகச்சிவிங்கி பேரைப் போட்டு போஸ்டர் அடிச்சாச்சு. நீ சத்தமில்லாம வந்து, சத்தமில்லாம...

— நான் எடுப்பேன், பேரு அவருக்கு. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடறது கேட்டிருக்கேன். நாலடிக்காரி தலையை ஆறடிக்காரன் உடம்புல ஒட்டறதை இப்பத்தான் கேக்கறேன். என் பேரு வரணும்ணா. இல்லேன்னா நான் வரல.

— கடுகு சிறுத்தாலும்...

— கடுகை எடுத்தே, குக்கரால அடிப்பேன். இந்த வாரத்துல நீ அஞ்சாவது ஆளு. சரி, நான் வந்தா உன் மலை சும்மா இருப்பாரா? என்னை வெளிய அனுப்பச் சொன்னதே அவருதானே. அன்னிக்கு என்ன சொன்னாரு? இன்னொரு தரம் சொல்லு.

— விடேன். சொல்லவே கூசுது.

— சொல்லு.

— "அந்த அரை டிக்கெட் கேமரா பிடிச்சா நான் நடிக்க மாட்டேன்"னாரு.

— அதை ஒரு வருஷமா மென்னு மென்னு பாக்கறேன், முழுங்க முடியல. அந்த ஆளை அரை டிக்கெட்லேர்ந்து மலையாக்கினதே நான். கீழ என்ன சத்தம்?

— வாட்ச்மேன் யாரையோ திட்டறான். நீ ஷாட்டைப் பாரு.

— வண்டியை எடுக்கச் சொல்லிக் கத்தறான். உன் கார்தானே நிக்குது? உள்ள யாரு?

— டிரைவரா இருக்கும்.

— உனக்கு டிரைவரே கிடையாதுண்ணா. நகரு, பால்கனிக்குப் போறேன்.

— வெளிச்சம் போயிடும்னியே.

— போகட்டும். தெர்மாகோலால எதுக்கு மறைக்கறே? எடு. அட. கார் கூரை மேல என்ன அது, கறுப்பா சுருண்டு படுத்திருக்கு? பூனையா?

— விக்.

— மலையா? அங்க நடைபாதை ஓரத்துல உக்காந்து செய்தித்தாளால விசிறிக்கறவரா? வாட்ச்மேன் மலையையா திட்டறான்?

— அவனுக்கு அடையாளம் தெரியல.

— எப்படித் தெரியும்? இந்த உலகத்துல ஒருத்தரும் அவரை மேலேர்ந்து பாத்ததில்லையே. என்னைப் பிடிக்காதவரு எதுக்கு இங்க வந்தாரு?

— பிடிவாதமா வண்டியில ஏறிட்டாரு. இறங்காதீங்கன்னு சொல்லிட்டுத்தான் வந்தேன். எட்டிப் பாக்காதே, உள்ள வா.

— இரு. நாலாம் பாகத்துல கதை என்ன? மலை எல்லாத்தையும் இழந்துட்டுத் தனியா நிக்கறாரு, இல்லையா?

— ஆமா. அதுக்கு?

— அப்ப ஒட்டகச்சிவிங்கி தப்பே பண்ணல. மேல வெச்சது சரி, எதுக்கு வெச்சோம்னுதான் அவருக்குத் தெரியல. முதல் காட்சியில என் உயரத்துல இருக்கணும். ஒவ்வொண்ணா அவரு இழக்க இழக்கக் கேமரா ஒரு சாண், ஒரு சாணா மேல ஏறணும். கடைசியில இப்படி, ரெண்டாவது மாடியிலேர்ந்து, விக் இல்லாம. பாருண்ணா அந்த உச்சந்தலையை. மூணு படத்துல நான் எடுக்காத குளோஸப் அது.

— ரசிகருங்க செருப்பைக் கழட்டுவாங்க.

— அழுவாங்க. சார், இங்க மேல பாருங்க.

— வேணாம் குண்டூசி, கூப்பிடாதே. நான் பேசிக்கறேன்.

— சார், மேல பாருங்க.

— யாரு, கேமராம்மாவா? அண்ணாந்து பாத்தா கழுத்து வலிக்குதும்மா.

— எனக்கு மூணு படமா வலிச்சுது சார்.

— சரிதான். உங்க அண்ணன் நம்மை இறங்காதேன்னாரு, வெயில்ல வண்டிக்குள்ள வெந்துட்டேன். ஒரே ஒரு கேள்வி கேட்டுட்டுப் போயிடறேன். அதைக் கேக்காம நம்மால செட்டுக்குப் போக முடியல.

— கேளுங்க சார்.

— "அந்தக் குள்ளன் மூஞ்சியை இனிமே படம் பிடிக்க மாட்டேன்"னு சொல்லிட்டுத்தான் நீயா படத்தை விட்டுப் போனியாமே. நம்ம மூஞ்சி அவ்வளவு மோசமாம்மா?

— யாரு சார் உங்களுக்குச் சொன்னது?

— உங்க அண்ணன்தான். சொல்லவே கூசுதுன்னாரு, நான்தான் வற்புறுத்திக் கேட்டேன்.

— அண்ணா.

— குண்டூசி, நான் சொல்றதைக் கேளு. சத்தியமா...

— சார், விக் அங்கேயே கிடக்கட்டும், மேல வாங்க. நாலாம் பாகத்துக்குக் கேமரா நான்தான். டைரக்டர் யாருன்னு உக்காந்து பேசலாம். நீ ஏன்ணா தெர்மாகோலைக் கீழ வெக்கறே? இன்னும் மூணு குக்கர் பாக்கி.