மல்லி அணி எட்டு பேரு

இல்லக்கா, குந்தறதுக்கு வர்ல. இப்டி வாசப்படியாண்டயே நின்னு சொல்ட்டுப் போய்ட்றேன். நீ மெசின நிறுத்தாத, தெச்சிகினே கேளு. என் மூஞ்சப் பாக்கப் புடிக்கலன்னா துணியப் பாத்துகினு கேளு, எனுக்கு ஒண்ணும் வருத்தம் இல்ல. உன் எடத்துல நான் இருந்தா இந்நேரம் வெளக்கமாறு பறந்துருக்கும்.

உம்பொண்ணு நவ்ரீன் உள்ள தான கீது? திரைக்குக் கீய காலு தெர்து. கூப்டாதக்கா, வேணாம். அது வெளிய வர வேணாம், காதுல வுயுந்தாப் போதும்.

துன்னுதா? ரெண்டு வாய் தானா. ஆறு நாளா ஸ்கூலுக்கும் போவல, யாராண்டயும் பேச்சும் இல்லன்னு பெனிஷா சொல்ச்சி. இதோட அணியில கீதே, ரெட்ட ஜட போட்டுகினு, அந்தப் பொண்ணு தான். தெனம் சாய்ந்தரம் உங்கூட்டு வாசல்ல வந்து நின்னுட்டு ஒண்ணும் பேசாமப் பூடுதாமே? நீ வெரட்டி வுட்டியாமே? செரி வுடு. ஸ்கவுட்டு, கைட்ஸு கீட்ஸுனு எவளும் இனி இந்த வாசல மிதிக்கக் கூடாதுனு சொன்னியாம். ஞாயம் தான். என் படையில கீற இருவத்திநாலு பொண்ணுங்களுக்கும் ஸ்கார்ஃப் தெச்சிக் குடுத்தவ நீ. இதே மெசின்ல, ஓரம் மடிச்சி, ஒரு நூலு பிரியாம. உன் வாயால அப்டி சொல்ல வெச்சிட்டோம்.

மலரா? அங்கேர்ந்து தான் வரேன். ரெண்டாவது ஆபரேசன் நேத்து முடிஞ்சிது. காலு நிக்கும்னு டாக்டரு சொல்ட்டாரு, நடக்கறதுக்குத் தான் நாளாவுமாம். உசுருக்கு ஒண்ணும் இல்ல. பத்து வயசு கொயந்த, கட்டில்ல பாதி கூட இல்ல. என்னப் பாத்ததும் இன்னா சொல்ச்சி தெர்யுமா? கேப்டன், நீங்க விசிலு ஊதவே இல்ல, அதான் நான் எந்திரிக்கலனு சொல்ச்சி. நான் திட்டுவேன்னு நெனச்சிகினு கீது. எனுக்கு அங்க நிக்க முடில. வெளிய வந்து மாடிப்படியில குந்திகினு அயுதேன்.

ஊதுனேன்க்கா. மூணு தபா, நீட்டா ஊதுனேன். எண்ணூர் கடலாண்ட எதிர் காத்து. பின்னாடி ரோட்ல கன்டெய்னர் லாரிக்காரன் வரிசையா ஆரன் அடிச்சிகினு நிக்கறான். பாறைக்கு அந்தாண்ட கீறவளுக்கு எப்டிக் கேக்கும்? தடம் புடிக்கற வெளையாட்டு அது. ஒரு அணி முன்னால போயி கல்லடுக்கி, சாக்பீஸ்ல அம்பு போட்டுகினே போவும். கடசியில ஒருத்தி ஒளிஞ்சிக்கணும். மத்ததுங்க குறியப் பாத்துப் பாத்துப் போயி அவளக் கண்டுபுடிக்கணும். மூணு விசிலு கேக்கற வரிக்கும் ஒளிஞ்சவ எந்திரிக்கக் கூடாது, அது சட்டம். நான் ஒளியறேன், நான் ஒளியறேன்னு மலரு தான் குதிச்சிச்சி. பொடுசு, எங்க வேணாலும் பூந்துக்கும். திடீர்னு மானம் கருத்துட்சி, பாதியில நிறுத்தி ஊதிட்டேன். மத்ததுங்க எல்லாம் ஓடியாந்துச்சி. அது மட்டும் சொன்ன பேச்சக் காப்பாத்திகினு அங்கயே குந்தியிருந்துக்கீது. தண்ணி ஏறிச்சி, எடம் மாறப் போயி ரெண்டு பாறைக்கு நடுவுல காலு மாட்டிகிச்சி. எண்ணூர் போட்டுக்காரங்க பாத்துத் தூக்கறப்ப மாரு வரிக்கும் தண்ணியாம்.

தெர்யும்க்கா. இதெல்லாம் உனுக்கும் தெர்யும். ஒரு கொயந்தய வுட்டுட்டு எப்டிடி வண்டி ஏறுனீங்கனு தான ஊரே கேக்குது. அத்தச் சொல்லத்தான் வந்தேன். ரவ பொறு. எனுக்கு நேரா வர்ல, சுத்தித் தான் வருது.

நான் டீச்சர் கெடயாது, உனுக்கே தெர்யும். பேசின் பிரிட்ஜ் யார்டுல பொட்டி கயுவறவ. ஆறு நாளு ரயிலு கக்கூஸ் கயுவிட்டு, ஞாத்திக்கெயம ஆனா நீலப் பொடவ கட்டி, கயுத்துல ஸ்கார்ஃபும் விசிலும் மாட்டிகினு கெளம்பிடுவேன். பதினோரு வருசம். எவனும் சம்பளம் தர்ல, எவனும் கூப்டவும் இல்ல. ஏன் போறன்னு எங்கூட்டுக்காரரு கேப்பாரு. வாயத் தொறக்க மாட்டேன். உன்னாண்ட சொல்றேன். யார்டுல என்ன ஏய்னு தான் கூப்டுவானுங்க. இந்தா, தண்ணிய அட்ரீனு. இங்க இருவத்திநாலு பொண்ணுங்க வெறப்பா நின்னு சல்யூட் அடிச்சி கேப்டன்னு கூப்டும். அந்த ஒரு சொல்லுக்காவத்தான் போனேன். மத்தபடி சமுதாய சேவ அது இதுனு மேடையில பேசறது எல்லாம் சொம்மா.

அதுல ஒரு பயக்கம் உண்டு. எங்கேர்ந்து கெளம்புனாலும், வண்டி ஏறுனாலும் எறங்குனாலும், நான் தல எண்ண மாட்டேன். கேப்டன் எண்ணக் கூடாது. ரோஜா, தாமர, மல்லினு மூணு அணி, அணிக்கு எட்டு பேரு. ஒவ்வொரு அணித் தலைவியும் எண்ணிட்டு வந்து சல்யூட் அடிச்சி சொல்லணும். அது சொல்றத நான் நோட்டுல எயுதணும். நம்பத் தகுந்தவ, அதான் எங்க மொத சட்டம். நான் திருப்பி எண்ணா உன்ன நம்பலடினு ஆய்டும்ல.

புதுசா தலைவி ஆவற பொண்ணுங்க எல்லாம் ஒரே தப்பு தான் பண்ணும். எதிர்ல நிக்கறவங்கள வெரலு நீட்டி எண்ணும், தன்ன வுட்டுடும். எட்டு பேரு நிப்பாங்க, ஏயு கேப்டன்னு வந்து நிக்கும். ஏண்டி, நீ இன்னா பேயா, உன்னையும் சேத்து எண்ணுனு சொல்வேன். படையே சிரிக்கும். நவ்ரீனும் மொத மாசம் நாலு தபா மாட்டிகிச்சி. அப்பால அதுவே ஒரு வயி கண்டுபுடிச்சிது. மொதல்ல தன் நெஞ்சுல கைய வெச்சி ஒண்ணுனு ஆரம்பிக்கும். அப்பறம் தான் மத்தவங்க. ரெண்டு வருசமா ஒரு நாளு கூட தப்புனது இல்ல. யார்டுல ரேக்குக்குப் பொட்டி எண்றவன் கூட அவ்ளோ சுத்தமா எண்ண மாட்டான்.

அன்னிக்கி கரையில எண்ணாமயே எண்ணூர் ஸ்டேசனுக்கு ஓட்டமும் நடையுமா வந்து சேந்தோம். சாய்ந்தரம் அஞ்சு பத்துக்கு வண்டி. அத்த வுட்டா முக்கா மணி நேரத்துக்கு வேற கெடயாது. அந்த ஞாத்திக்கெயமயும் எனுக்கு டூட்டி, ஆறு மணி சிஃப்ட்டுக்கு மாத்தி வாங்கிகினு தான் ஹைக்குக்கே வந்தேன். ஆறு அடிச்சா மேஸ்திரி ஆளு எண்ணுவான், இல்லன்னா ஆப்சென்ட் தான். மய வேற தூற ஆரம்பிச்சிட்சி. வண்டி உள்ள வந்துட்சி. மூணு தலைவியும் வந்து சொல்ச்சி, நான் நோட்டுல எயுதிட்டேன். ரோஜா எட்டு, தாமர எட்டு, மல்லி எட்டு. மலரு மல்லி அணி.

ராயபுரத்துல எறங்கி வரிசையா நிக்க வெச்சா, மல்லியில ஒரு எடம் காலி. மலரு அம்மா டிபன் டப்பாவோட கேட்டாண்ட நின்னுகினு கீது. எம்பொண்ணு எங்க கேப்டன்னு கேட்டுச்சி. சிரிச்சிகினே கேட்டுச்சிக்கா, ஒளிஞ்சிகினு வெளையாடுதுனு நெனச்சிகினு.

அப்பால நடந்தது தான் உனுக்குத் தெர்யும். போலீசு வந்தாரு. கெளம்பறப்ப யாரும்மா எண்ணுனதுனு கேட்டாரு. மலரோட மாமன் வெற்றி, அவன் தோஸ்துங்க, பெத்தவங்க எல்லாரும் சுத்தி நிக்கறாங்க. அணித் தலைவி சொன்ன கணக்கு சார்னு நோட்ட நீட்டுனேன். எந்த அணினாரு. மல்லினேன். அம்மாம் பேரும் நவ்ரீன் பக்கம் திரும்புனாங்க. நவ்ரீன் என்னப் பாத்துச்சி. ஒரு பார்வ தான். நான் விசிலுல ஒட்டிகினு இருந்த மண்ணத் தொடச்சிகினு நின்னேன்.

வெற்றி இங்க வந்து கத்துனது தெர்யும். அவன் கூட வந்தவனுங்க இன்னா பேசுனானுங்கனும் தெர்யும். யாரு வூட்டுப் பொண்ணு யாரு வூட்டுப் பொண்ண வுட்டுட்டு வந்துட்சினு பேசுனது. அத்த நான் என் வாயால திருப்பிச் சொல்ல மாட்டேன். டீக்கடையில பேசறானுங்க, மீனு வாங்கப் போனா மீனுக்காரம்மா பேசுது. பதினாலு வயசு பொண்ணுக்கு இம்மாம் பெரிய பேச்சு. நான் கேட்டுகினு நின்னேன். ஆறு நாளா கேட்டுகினு தான் நிக்கறேன்.

இத்தப் பாரு. எங்க கைட்ஸ் ஆபீஸ்ல டைப் அடிச்சிக் குடுத்தாங்க, நாளன்னிக்கி விசாரணைக்கு. படிக்கறேன். அணித் தலைவி தவறாக எண்ணிச் சொன்னதால் இது நேர்ந்தது, அவள் இனி பொறுப்பு வகிக்க மாட்டாள், கவர்னர் விருதுக்கு அவள் பெயர் அனுப்பப்படாது. கீய பொண்ணு கையெயுத்து, அம்மா கையெயுத்து. வாங்கிகினு வா குணசுந்தரி, இத்தோட முடிஞ்சிடும்னாங்க. அவங்க மேல தப்பு சொல்ல மாட்டேன், நான் குடுத்த நோட்டத்தான் அவங்க பாத்தாங்க. கேப்டன் முறைப்படியே நடந்து கொண்டார்னு நடுவுல ஒரு வரி கீது. அத்த நாலு தபா படிச்சேன்க்கா. படிக்கறதுக்கு நல்லா இருந்துச்சி.

பேனாவ எதுக்கு எடுக்கற? வெய்யி. போட்டுத் தொலச்சா வுட்டுடுவாங்கனு பாக்கறியா? வேணாம். கையெயுத்து வாங்க நான் வர்ல. காலையில வாங்கத்தான் கெளம்புனேன், இல்லங்கல. ஆஸ்பத்திரி போயிட்டு வரலாம்னு போனேன். அந்தக் கொயந்த விசிலு ஊதலனு சொல்ச்சி பாரு, அதுக்கப்பறம் என்னால முடில.

பெனிஷா ஏன் தெனம் இங்க வந்து நிக்குதுனு யோசிச்சியா? மத்ததுங்க எல்லாம் பொட்டியில ஏறிட்சிங்க. இது மட்டும் நவ்ரீன் கூட நின்னுகினு இருந்துச்சி. அதுக்குக் காதுல வுயுந்துச்சி. கேப்டன எதுத்து சொல்ல அதுக்கும் தகிரியம் இல்ல.

நவ்ரீன் எட்டுனு சொல்லவே இல்லக்கா. ஏயுனு தான் சொல்ச்சி. வண்டி கெளம்பற ஆரன் அடிச்சிட்சி. நான் எப்பவும் சொல்றாப்ல, ஏண்டி, நீ இன்னா பேயா, உன்ன வுட்டுட்ட பாரு, ஏறுடினு முதுவுல ஒண்ணு போட்டேன். பெனிஷா சிரிச்சிது. நவ்ரீன் எதோ சொல்ல வாயத் தொறந்துச்சி, தள்ளி ஏத்திட்டு நான் அடுத்த பொட்டியில ஏறிட்டேன். எட்டுனு எயுதுனது நான்.

ஏங்க்கா மெசின நிறுத்திட்ட?

அடிக்கறதுனா அடி. நவுர மாட்டேன். அந்தப் பேப்பரு பின்னாலயே எல்லாத்தையும் எயுதிகினு வந்துட்டேன், கையெயுத்தும் போட்டாச்சி. நாளன்னிக்கி அத்தயும் இந்த விசிலயும் ஆபீஸ்ல வெச்சிட்டு வந்துடுவேன். இப்ப மலரு அம்மாவாண்ட போறேன், அப்பால வெற்றி வூட்டுக்கு. அவன் எந்தத் தெருவுல நின்னு கத்துனானோ, அதே தெருவுல என்ன நிக்க வெச்சிக் கத்தட்டும்.

நவ்ரீன், திரைய வெலக்க வேணாம்மா, அங்கயே இரு. அன்னிக்கி நீ நெஞ்சுல கைய வெச்சி ஒண்ணுனு ஆரம்பிச்சல்ல, அத்த நான் பாத்தேன். பாத்துட்டுத் தான் ஏறுடினு சொன்னேன்.