மாமாவின் முப்பத்தாறு தசம் எட்டு

தேத்தண்ணிக்கு நன்றி ஐயா. ஆறிப்போயிருக்கிறது, பரவாயில்லை. உங்கள் பொலிஸ் நிலையத்தில் ஒன்று, எல்லாம் கொதிக்கிறது, இல்லாவிட்டால் ஆறிக் கிடக்கிறது. குறையாகச் சொல்லவில்லை. அந்தப் பெட்டி வரும்வரைக்கும் எங்கள் வீட்டிலும் இதே கதைதான்.

சிலாவத்தையில் கோழிக்குஞ்சு வளர்க்கிறேன். ஒருநாள் குஞ்சாக வாங்கி, மூன்று கிழமை வைத்துத் தேற்றி விற்பேன். முன்பெல்லாம் கூட்டுக்குள் மின்குமிழை எரியவிட்டு, குஞ்சுகள் ஒடுங்கினால் சாக்கைப் போர்த்து, விலகி ஓடினால் சாக்கை இழுத்து, பகல் முழுக்க அதோடு மல்லுக்கட்ட வேண்டும். பிறகுதான் கொழும்பிலிருந்து பார்சலில் இந்த டெம்பரேச்சர் கொன்ரோலரை எடுப்பித்தேன். சுவர் பிளக்கில் செருகுகிற சின்னப் பெட்டி. அதில் இடது பக்கம் ஒரு துளை, வலது பக்கம் ஒரு துளை. இடதில் சூடாக்கும் சாமானைச் செருக வேண்டும், வலதில் குளிராக்கும் சாமானை. கீழே ஒரு நீளக் கம்பி தொங்கும், அதன் உலோக முனைதான் சூட்டை அளக்கும். நீங்கள் ஒரு இலக்கத்தைக் கொடுத்துவிட்டால் போதும். சூடு குறைந்தால் இடது பக்கம் வேலை செய்யும், கூடினால் வலது பக்கம். சரியாக இருந்தால் பெட்டி சும்மா இருக்கும். எங்கள் வீட்டில் அந்தக் குணம் வேறு ஒருவருக்கும் கிடையாது.

மாமாவுக்கும் கிடையாது. மரியநேசன், என் மனைவி ஆன்சலாவின் தகப்பன், எண்பத்து நான்கு வயது. நாற்பது வருசம் கடலுக்குப் போனவர், ஆறு மாதமாகப் படுக்கையில் இருந்தார். ஃபானைப் போடு என்பார், போட்டால் நிப்பாட்டு என்பார். ஆன்சலாவும் மாமி அருளம்மாவும் அறைக்கும் குசினிக்கும் ஓடி ஓடிக் களைத்துப்போனார்கள். பார்க்கப் பொறுக்காமல் இரண்டாவது கொன்ரோலர் ஒன்று எடுத்தேன். இடது துளையில் குஞ்சுக்குப் பிடிக்கிற சிவப்புக் குமிழ், வலது துளையில் ஃபான், மாமாவின் கையைத் தூக்கி முனையைக் கமக்கட்டுக்குள் வைத்தேன். இலக்கம் முப்பத்தாறு தசம் எட்டு, சுகமான உடம்பின் சூடு.

"நான் என்ன புறொயிலர் குஞ்சோ?" என்று மாமா கேட்டார்.

"இல்லை மாமா, குஞ்சு இவ்வளவு கதைக்காது" என்றேன்.

வீடு அமைதியானது. ஆன்சலா மதியத்தில் படுக்கத் தொடங்கினாள். இதையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும் ஐயா, நல்லதையும் எழுத வேண்டும்.

இனிக் கலியாணக் கதை. என் ஒரே மகள் நிரோசினிக்கு முப்பத்து மூன்று வயது. பிரான்சிலிருந்து டினோஜன் என்றொரு பிள்ளை. இரண்டு தரம் நாள் குறித்து இரண்டு தரமும் தள்ளிப்போனது. ஒரு தரம் அவருடைய தாய் தவறிவிட்டார், மறுதரம் அவருக்கு லீவு கிடைக்கவில்லை. மூன்றாம் தரம் மாசி மாதத் திங்கட்கிழமை ஒன்று அமைந்தது. அடுத்து வந்த புதன் விபூதிப் புதன். தவக்காலம் தொடங்கினால் கோயிலில் கலியாணம் எழுதமாட்டார்கள் என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும். டினோஜனுடைய விமானமும் புதனிரவு. வீட்டில் ஒரு செத்தவீடு விழுந்தால் முப்பத்தோராம் நாள் பூசை முடியும்வரை கலியாணம் இல்லை, அது தவக்காலத்துக்குள் போய் விழும். உயிர்த்த ஞாயிறு வரும்போது பிள்ளை பிரான்சில் நிற்பார். மூன்றாம் தரமும் தள்ளிப்போனால் தான் இனி ஒருவரையும் பார்க்கமாட்டேன் என்று நிரோசினி சொல்லியிருந்தாள். சொன்னால் செய்வாள், தாயைப் போல.

சனிக்கிழமை பின்னேரம் இரண்டு மணி. பெண்கள் பக்கத்து வீட்டில் பயத்தம் பணியாரம் சுட்டுக்கொண்டிருந்தார்கள். நான் மாமாவின் அறைக்குள் போனபோது கொன்ரோலரில் முப்பத்தொன்று தசம் இரண்டு என்று நின்றது. சுவர் மணிக்கூட்டிலும் ஒரு சூடு காட்டும், அது அறையின் சூடு. அதிலும் முப்பத்தொன்று தசம் இரண்டு. செத்த உடம்பு அறையின் சூட்டுக்கு வந்துவிடும் என்று எனக்குத் தெரியும். நூற்றுக்கணக்கான குஞ்சுகளில் பார்த்திருக்கிறேன். மாமா வாயைத் திறந்தபடி கிடந்தார். தொட்டுப் பார்க்கவில்லை. இலக்கம் இருக்கும்போது எதற்குத் தொட வேண்டும்? கதிரையில் இருந்து அழுதேன். நன்றாகவே அழுதேன் ஐயா, எனக்கு அவரைப் பிடிக்கும். நான் ஒன்றுமில்லாமல் நின்ற காலத்தில் மகளைத் தந்த மனுசன்.

அழுது முடித்தபிறகு நிரோசினியை யோசித்தேன். முனை பாயில் விழுந்து கிடந்தது. அதை எடுத்துத் திரும்பவும் கமக்கட்டுக்குள் ஆழமாகச் செருகி, பிளாஸ்டரும் ஒட்டிவிட்டேன். செத்த உடம்பு திங்கள்வரைக்கும் சூடாக இருந்தால் போதும் என்பதுதான் என் எண்ணம். ஐந்தே நிமிடத்தில் முப்பத்தாறு தசம் எட்டு வந்தது. அதற்குப் பிறகு குமிழ் இரண்டு நிமிடம்கூட எரியவில்லை. அவ்வளவு திறமான பெட்டி. என் பிரேதத்துக்கும் இதைப் பூட்டச் சொல்லலாம் என்று நினைத்தேன்.

ஞாயிறு பூசை முடிந்து பாதர் மாமாவுக்கு நோயில் பூசுகிற எண்ணெயோடு வந்தார். நெற்றியில் கை வைத்து, "நல்ல சூடாய் இருக்கிறார். ராத்திரி நித்திரை கொண்டவரோ?" என்று கேட்டார். மாமி, "ஓம் பாதர், குறட்டை விட்டவர்" என்றா. நெஞ்சில் தங்கின காற்று வெளியேறும்போது அப்படிச் சத்தம் வருமாம். மாமி கரண்டியால் கஞ்சி ஊட்டினா, அரைக் கோப்பை இறங்கியது. எண்பத்து நான்கு வருசம் பழகின தொண்டை ஒரு நாளில் பழக்கத்தை விடுமா? பின்னேரம் மாமா என்னைப் பேசினார். குமிழ் கண்ணுக்குள் குத்துகிறதாம், நான் மூதேவியாம். இறந்தவர் பேசுவதை மனதில் வைத்திருக்கக் கூடாது என்று பொறுத்துக்கொண்டேன்.

அதற்கிடையில் மற்ற ஒழுங்குகளையும் செய்தேன். கலியாணம் முடிந்த திங்கள் பின்னேரம் இறந்தார் என்று சொல்லிவிட்டு, செவ்வாய் நான்கு மணிக்கு அடக்கம் வைத்தால் டினோஜனும் நின்று ஒரு பிடி மண் போட்டுவிட்டு விமானம் ஏறலாம். மலர்ச்சாலையில் சவப்பெட்டிக்குச் சொன்னேன். கண்ணீர் அஞ்சலிப் பனர் அடிக்கக் கொடுத்தேன். மலர்வு, உதிர்வு என்று பிறந்த திகதியும் இறந்த திகதியும் போட்டு. பனர்க் கடை வைத்திருக்கும் கிருபன் தொலைபேசியில் திகைத்துவிட்டான்.

"அண்ணை, உதிர்வு எண்டு போட்டிருக்கிற திகதி நாளைக்கல்லோ?"

"ஓம் தம்பி. இண்டைக்கு அடிச்சாத்தானே நாளைக்குக் கட்டலாம்."

திங்கள் காலையில் பொம்பிளையும் மாப்பிளையும் கோயிலுக்குப் போகுமுன் மாமாவின் கட்டிலடியில் முழங்காலில் இருந்தார்கள். மாமா பெருவிரலால் நிரோசினியின் நெற்றியில் சிலுவை போட்டார். அவள் அழுதாள். நானும் அழுதேன். நரம்பு இழுக்கும் என்று அதற்கும் எனக்குக் காரணம் தெரிந்திருந்தது. கலியாணம் ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. இறால் கறி போதாது என்று டினோஜனின் பெரியப்பா முணுமுணுத்தார், அவ்வளவுதான்.

நான்கு மணிக்கு எல்லோரும் மண்டபத்தில் நிற்க, மாமாவைப் பார்க்க நான் மட்டும் வீட்டுக்கு வந்தேன். பின் கொட்டிலில் பெரிய டீப் ஃப்ரீசர் இருக்கிறது. கலியாண மீனும் இறாலும் அதற்குள்தான் கிடந்தன, இப்போது காலி. அதைக் கழுவித் துடைத்து, குஞ்சுக் கூட்டிலிருந்த கொன்ரோலரின் வலது துளையில் செருகி, இலக்கத்தை நான்காக வைத்தேன். அது பாட்டுக்கு விட்டால் உடம்பு கல்லாகிவிடும், பிறகு வேட்டி சால்வை உடுத்த முடியாது. நான்கு என்றால் பதமாக இருக்கும். பிறகு மாமாவிடம் போனேன்.

"வின்சன், தண்ணி தா" என்றார்.

"உங்களுக்கு இனித் தண்ணி தேவையில்லை மாமா."

"ஏன்?"

"நீங்கள் சனிக்கிழமையே செத்துப்போயிட்டியள்."

"எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே" என்றார்.

"கலியாணம் குழம்பக் கூடாது எண்டுதான் சொல்லேல்லை."

"கலியாணம் முடிஞ்சுதோ?"

"வடிவாய் முடிஞ்சுது."

"அப்ப சரி" என்றார்.

அப்ப சரி. அவருடைய வாயால் வந்த சொல் ஐயா, அதை அப்படியே எழுதுங்கள். தண்ணியும் கொடுத்தேன், குடித்தார். நாற்பது கிலோவும் இருக்கமாட்டார். தூக்கிக்கொண்டு போகும்போது என் கழுத்தைக் கட்டிப்பிடித்திருந்தார். முற்றத்தில் வெயில் பட்டதும் கண்ணை இடுக்கி, "கடற்கரைக்கோ கொண்டு போறாய்?" என்று கேட்டார். ஓம் என்றேன். நான் சொன்ன ஒரே பொய் அதுதான், அதற்காக மனம் வருந்துகிறேன்.

பிரேத பரிசோதனை செய்த வைத்தியர் திங்கள் ஐந்து மணிக்கும் ஆறு மணிக்கும் இடையில் என்று எழுதியிருக்கிறாராம். படித்த மனுசன், நான் மறுக்கவில்லை. ஆனால் சனிக்கிழமை இலக்கத்தைப் பார்த்தவன் நான். பனர் கட்டியாகிவிட்டது, அடக்கம் பண்ணக் கிடங்கு வெட்டச் சொல்லியாகிவிட்டது, மாப்பிளைக்குப் புதனிரவு விமானம். இந்த நிலையில் உயிரோடு இருக்கிறேன் என்று ஒருவர் சொன்னால் நீங்கள் என்ன செய்வீர்கள்? ஆன்சலா சந்தியில் தகப்பனின் பனரைக் கண்டு பட்டுச் சேலையோடு ஓடிவந்தபோது ஆறு மணி தாண்டிவிட்டது. மூடியைத் திறந்தவள் அவள்தான். அதற்குப் பிறகு அவள் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

ஓம் ஐயா, உயிரோடுதான் வைத்தேன். மூடியை நான்தான் மூடினேன். கமக்கட்டுக்குள் முனையை வைத்துவிட்டு, வெளியே இலக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெகுநேரம் முப்பத்தாறு தசம் எட்டிலேயே நின்றது, குமிழும் இல்லாமல். பிறகு உள்ளேயிருந்து தட்டினார். அவசரமில்லாமல், விட்டு விட்டு, ஆறு தரம் தட்டினார். நான் கையை மூடியின் மேலேயே வைத்திருந்தேன். ஏழாம் தரம் தட்டியிருந்தால் கட்டாயம் திறந்திருப்பேன். அவர்தான் தட்டவில்லை.