வாளி ஐயாவுக்கு, இரண்டு பம்புகளோடு

நீர்ச்சறுக்குப் படகுகளின் நோய் தீர்க்கும் நிபுணரே! தண்ணீரின் தந்திரம் அறிந்த தகைமையாளரே! வாளி ஏந்திய வல்லவரே! வாயில் வசவும் மனத்தில் வாஞ்சையும் வைத்திருப்பவரே! எங்கள் படகுப் பணிமனையின் ஃபோர்மேனாக முப்பது ஆண்டுகளுக்கு மேல் நின்று, இன்று பணி நிறைவு பெறும் எங்கள் அன்பு ஐயா! வணக்கம்.

இதை வாசிக்கும்போது நீங்கள் மேடை நாற்காலியில் தலையைக் குனிந்துகொண்டு தரையின் எண்ணெய்க் கறையைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்று எங்களுக்குத் தெரியும். நிமிர வேண்டாம். காதில் விழுந்தால் போதும்.

இந்த மடலுக்குக் கண்ணாடிச் சட்டம் போடும் கடைக்காரர் ஒரு மாதிரி கொடுத்தார். "ஆயிரம் பிள்ளைகளின் அறிவுக்கண் திறந்த ஆசானே" என்று அது தொடங்கியது. உங்களிடம் வேலை பார்த்தவர்களுக்குக் கண் திறந்ததைவிடக் காது அடைத்ததுதான் அதிகம் என்பதால் அதை ஒதுக்கிவிட்டோம். "கை நடுங்காம கோடு போடுறவன் நீதான், நீயே எழுது" என்று எல்லோருமாகச் சேர்ந்து பெயின்ட் அறையின் தலையில் கட்டினார்கள். ஆகவே எழுதியது நான் ஒருவன், சொல்வது நாங்கள் எல்லோரும்.

ஐயா! நீங்கள் இங்கே வந்து சேர்ந்த காலத்தில் பில்ஜ் பம்பை எங்கே பொருத்துவது என்பது ஒரு கேள்வியாகவே இருந்ததில்லையாம். படகின் அடியில் கசிந்து சேரும் தண்ணீரை வெளியே இறைத்துத் தள்ளும் கையளவு பம்ப்தானே, வாலில் வைத்தால் ஆயிற்று என்று இருந்திருக்கிறார்கள். படகு டிரெய்லரில் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும். உள்ளே ஊற்றினால் தண்ணீர் முழுக்க வாலுக்குத்தான் ஓடும். அதைப் பார்த்துப் பார்த்தே எல்லாப் படகிலும் பம்பை வாலில் ஒட்டிக் கொடுத்தார்கள். ரொட்டிக்கடைக்காரரின் சிவப்புப் படகு துறையில் கட்டிக் கிடந்தபடியே பாதி முழுகிய அன்றுதான் கூடமே விழித்துக்கொண்டது. வாலில் பம்ப் காய்ந்து கிடக்க, நடுவில் எஞ்சின் குளித்துக்கொண்டிருந்தது. டிரெய்லரில் நிற்கிற படகு வேறு, தண்ணீரில் மிதக்கிற படகு வேறு என்று அன்று நீங்கள் போட்ட சத்தம் ஏரியின் எதிர்க்கரைக்குக் கேட்டதாகச் சொல்கிறார்கள்.

அன்றைக்குக் கையில் எடுத்த நீல வாளியை நீங்கள் கீழே வைக்கவே இல்லை. படகை இறக்கி மிதக்கவிட வேண்டும். முதலில் வெறும் படகில் ஒரு வாளி தண்ணீரை ஊற்றி, அது எங்கே போய் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். பிறகு அந்தப் படகில் வழக்கமாகப் போகிறவர்கள் அவரவர் இடத்தில் உட்கார, மறுபடியும் பார்க்க வேண்டும். அதன் பிறகுதான் பென்சில் குறி, அதன் பிறகுதான் பம்ப். "பம்ப் வைக்கக் குடுத்தா குடும்பத்தோட வரச் சொல்றீங்களே, கல்யாணமா?" என்று ஒரு வாடிக்கையாளர் கேட்டார். "கல்யாணத்துக்கு நீங்க வராட்டிப் பரவால்ல, இதுக்கு வந்துருங்க" என்றீர்கள். வர முடியாதவர்களின் இருக்கையில் ஆள் கனத்துக்குத் தண்ணீர்க் கேன்களை ஏற்றி வைத்தீர்கள். வெறும் படகில் ஓரிடம், ஆள் ஏறினால் வேறிடம் என்று வந்துவிட்டால் நீங்கள் யோசிக்கக்கூட மாட்டீர்கள். "தண்ணி ரெண்டு எடத்துல நின்னா ரெண்டு பம்ப் வை. தண்ணிகிட்ட போய் நியாயம் பேசாத." இதைக் கேட்காத ஆள் இந்தக் கூடத்தில் இல்லை.

திருகாணி போட்டுப் பம்பைப் பொருத்தப் போனவனிடம், "தண்ணி வெளிய போக வெக்கிற பம்புக்காக, தண்ணி உள்ள வர ஓட்டை போடுறியேடா" என்று டிரில்லைப் பிடுங்கிக்கொண்டு, ஒட்டும் பசையைக் கையில் கொடுத்தீர்கள். குழாய் தொய்யக் கூடாது, எஞ்சின் சாவியை அணைத்தாலும் பம்புக்கு மின்சாரம் போக வேண்டும், தண்ணீர் ஏறினால் பம்பைத் தானே ஓடவிடும் மிதவை சுவிட்சின் மேல் கயிறு விழக் கூடாது. கண்டிப்பில் கல்லே, கவனத்தில் கண்ணே என்று இந்த இடத்தில் எழுதலாம்தான். நீங்கள் முறைப்பீர்கள், விட்டுவிடுகிறோம்.

இனி எழுதப்போவதை இந்த மடலில் சேர்க்க வேண்டாம் என்று மேலாளர் சொன்னார். பாராட்டு மடல் என்றால் மகிழ்ச்சியாக இருக்க வேண்டுமாம். மகிழ்ச்சி எங்களுக்கு வரவில்லை, ஐயா. கூடத்தின் கோடியில் தார்ப்பாய் போர்த்திக் கிடக்கும் உங்கள் வெள்ளைப் படகைத் தாண்டித்தான் தினமும் உள்ளே வருகிறோம்.

யாரோ கைவிட்ட அந்தப் பழைய படகுக் கூட்டை நீங்கள் வாங்கியது எங்கள் எல்லோருக்கும் சிரிப்பாக இருந்தது. சறுக்கத் தெரியாத ஆளுக்கு நீர்ச்சறுக்குப் படகு எதற்கு? எங்கள் சீட் தையலறையை ஆண்ட உங்கள் வீட்டம்மாவே கேட்டார்கள். "நான் ஓட்டுறேன், நீ பின்னால திரும்பி உக்காந்து கரையப் பாத்துட்டு வா, போதும்" என்றீர்கள். சறுக்கி வருபவரைக் கவனிக்கும் ஆளுக்காக ஓட்டுநரின் இடப்பக்கம் பின்னோக்கிப் போடும் இருக்கை அது. அம்மா அதைத் தனக்கென்றே அளவெடுத்துத் தைத்தார்கள். சாய்மானத்துக்குள் பஞ்சு கொஞ்சம் கூடுதலாகவே போயிற்று, கடை நஷ்டமாகப் போகட்டும் என்று நாங்களும் கண்டுகொள்ளவில்லை.

போன கோடையில் படகை மிதக்கவிட்டுச் சோதித்தீர்கள். வெறும் படகில் தண்ணீர் வலப்பக்கம் நின்றது, பேட்டரி அந்தப் பக்கம்தானே. நீங்கள் இருவரும் ஏறி உட்கார்ந்ததும் அது மெல்ல நகர்ந்து, படகின் அடியில் நடுவே ஓடும் உத்தரத்தின் துளை வழியாக இடப்பக்கம் போய் நின்றது. "பாத்தியா, யாரு கனம்னு படகே சொல்லுது." "நீங்க இளைச்சுப் போயிட்டீங்க, அவ்வளவுதான்." கரையில் நின்ற நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். நீங்கள் குனிந்து இடப்பக்கம் பென்சிலால் ஒரு கூட்டல் குறி போட்டீர்கள். "என் காலடியிலயா? சத்தம் போடுமேங்க" என்றார்கள் அம்மா. வலப்பக்கத்துக் குறியைப் பிறகு போட்டுக்கொள்ளலாம் என்றீர்கள்.

அந்தப் பிறகு வரவே இல்லை. அடுத்த வாரம் அம்மா மருத்துவமனைக்குப் போனார்கள், மழைக்காலம் தொடங்குமுன் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவர்கள் போன பிறகு தையலறையின் மெஷின் சத்தம்கூட வேறு மாதிரி இருக்கிறது. அதில் இப்போது உட்கார்ந்திருக்கும் அவர்களின் தங்கையே அதைச் சொல்லி அழுதார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் நம் படகுகளை ஏரிக்கு இழுத்துப்போகும் டிராக்டர்காரரை நீங்கள் கூப்பிட்டுப் படகை இறக்கியதும் எங்களுக்குத் தெரியும். அவர் எங்களிடம் சொன்னதற்காக அவரைத் திட்டாதீர்கள், சொல்லாமல் இருக்க அவரால் முடியவில்லை. "நான் வேணா அந்தப் பக்கம் உக்காரட்டுமாண்ணே?" என்று கேட்டிருக்கிறார். "வேணாம், தள்ளி நில்லு" என்றிருக்கிறீர்கள். தனியாக உங்கள் இடத்தில் உட்கார்ந்து வாளியைக் கவிழ்த்திருக்கிறீர்கள். படகு உங்கள் பக்கம் சாய, தண்ணீர் மொத்தமும் உங்கள் காலடிக்கு வந்து நின்றிருக்கிறது. இடப்பக்கத்துக் குறி காய்ந்தே இருந்திருக்கிறது. நெடுநேரம் அதையே பார்த்துவிட்டு, "ஏத்துடா" என்றீர்களாம். அன்றைக்குப் போர்த்திய தார்ப்பாய்தான்.

ஊரான் படகில் பம்ப் வைக்கும் இடத்தை உடனே சொல்லும் நீங்கள், உங்கள் படகுக்கு மட்டும் வாய் திறக்கவில்லை. எலெக்ட்ரீஷியன் நல்ல எண்ணத்தில்தான் இடப்பக்கத்து இருக்கையில் தண்ணீர்க் கேன்களை ஏற்றினான். "என் பொண்டாட்டி கேன் இல்லடா" என்றீர்கள். நீங்கள் சத்தம் போடாமல் பேசி நாங்கள் பயந்தது அந்த ஒரு தடவைதான்.

உங்கள் சங்கடம் எங்களுக்குப் புரியாமல் இல்லை. குறி போட்ட இடத்துக்கு இனி தண்ணீர் வராது, வராத இடத்தில் ஒரே பம்பை வைத்தால் படகு முழுகும். தண்ணீர் நிற்கும் இடத்தில் வைத்தாலோ, அம்மா இல்லை என்று உங்கள் கையாலேயே ஒட்டி முடித்த மாதிரி ஆகிவிடும். எப்படி வைப்பீர்கள்? அதனால்தான் போன வாரம் மேலாளரிடம், "நான் போனப்புறம் அந்தப் படகை யாருக்காச்சும் குடுத்துருங்க" என்று சொல்லியிருக்கிறீர்கள். அதைக் கேட்டதிலிருந்து எங்களுக்கு வேலை ஓடவில்லை. படகைக் கொடுத்துவிட்டு நீங்கள் அந்த வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டால் வெளியே வரமாட்டீர்கள் என்று பயமாக இருக்கிறது, ஐயா. பயத்தைப் பயம் என்றுதான் எழுத வேண்டும்.

உங்கள் கொழுந்தியாள்தான் நேற்று முன்தினம், வாயில் நூலைக் கடித்துக்கொண்டே, வழி சொன்னார்கள். "அக்கா இருந்திருந்தா, 'ரெண்டு வெச்சுத் தொலைங்களேன், உங்க கடையில பம்புக்கா பஞ்சம்'னு அத்தானைத் திட்டியிருப்பா." எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். முப்பது வருடமாக எங்கள் காதில் நீங்கள் ஓதிய சட்டம். உங்கள் படகுக்கு மட்டும் உங்களுக்கு நினைவு வரவில்லை, எங்களுக்கும் வரவில்லை.

ஆகவே, அடைத்துப்போன எங்கள் காதுகளுக்கு உரியவரே! வழக்கமாகத் தரும் கைக்கடிகாரம் உங்களுக்குக் கிடையாது. மேசை மேல் இருக்கும் பெட்டியில் இரண்டு பம்புகளும், இரண்டு மிதவை சுவிட்சுகளும் இருக்கின்றன. இரண்டுக்கும் தனித்தனியாக ஒயர் இழுத்து வைத்திருக்கிறோம். ஒட்டவில்லை, ஒட்டும் கை உங்களுடையது. ஒட்டுமுன் அந்த இடத்தைத் தேய்த்துச் சொரசொரப்பாக்க வேண்டுமே, பென்சில் குறி போய்விடுமே என்று நீங்கள் நினைப்பீர்கள். அதற்குப் பெயின்ட் அறை ஒன்று செய்திருக்கிறது. தார்ப்பாயைத் தூக்கியதற்கு மன்னியுங்கள். குறியின் மேல் நிறமில்லாத பிசினை ஒரு பூச்சு பூசிக் காயவைத்திருக்கிறேன். தேய்ப்பதை அந்தப் பூச்சின் மேல் தேய்த்துக்கொள்ளலாம், கோடு அடியில் பத்திரமாக இருக்கும்.

நூறாண்டு வாழ்க என்று வாழ்த்தும் இடம் இது. அத்தனை வருடத்தைத் தனியாக உங்கள் தலையில் சுமத்த எங்களுக்கு மனம் வரவில்லை. நாளைக் காலை ஏரியில் படகு இறக்கும் சரிவுக்கு வாருங்கள், அது போதும். ஃபோர்மேனாக வேண்டாம், வாடிக்கையாளராக வந்து உங்கள் இடத்தில் உட்காருங்கள். வாளியை நாங்கள் ஊற்றுகிறோம். உடம்பு நோகாமல், கால் தளராமல் நீங்கள் நெடுநாள் அந்தப் படகை ஓட்ட வேண்டும் என்பதே எங்கள் வேண்டுதல்.

வலப்பக்கத்துப் பம்ப் உங்களுக்காக ஓடும். இடப்பக்கத்துப் பம்ப் ஓடாமலே இருக்கலாம், ஒரு சொட்டு ஈரம்கூடப் படாமல் சும்மாவே கிடக்கலாம். கிடக்கட்டும், ஐயா. அம்மாவின் காலடியில் அது சத்தம் போடாமல் இருக்கட்டும்.

உங்கள் வாளிக்கு என்றும் கட்டுப்பட்ட,
பெயின்ட் அறை, எஞ்சின் கூடம், மின்வேலைப் பிரிவு, தையலறை, டிராக்டர்காரர்
மற்றும் பணிமனைப் பணியாளர்கள் அனைவரும்