வார்த்தை வரல

இல்லம்மா, ஓட்ஸ் டப்பால தொப்பி போட்டுக்கிட்டு சிரிக்கிறாரே, அவருக்கும் எங்களுக்கும் ஒரு சம்பந்தமும் கெடையாது. நாங்க கிறிஸ்தவங்கள்ல ஒரு சின்னப் பிரிவு, குவேக்கர்னு சொன்னாலே எல்லாரும் அந்த டப்பாவத்தான் கேக்குறாங்க. அந்தப் பைய இப்படி வச்சுக்கோ. பஸ்ஸு டியர்பார்ன் போக இன்னும் மூணு மணி நேரம் கெடக்கு.

பாதிரியாரா? அதெல்லாம் எங்களுக்குக் கெடையாது. ஞாயித்துக்கெழம பெஞ்சுல உக்காருவோம், ஒரு மணி நேரம், வாயத் தொறக்காம. யாருக்காச்சும் உள்ளேருந்து வார்த்தை வந்தா எழுந்து சொல்லுவாங்க. வரலன்னா கையக் குலுக்கிட்டு வீட்டுக்குப் போவோம். வராதத இழுத்துப் பேசுறது எங்ககிட்ட பெரிய தப்பு.

ரஷாத்துக்கு இது தாங்காது. ரஷாத் ஹம்தான், எங்க ஊர்ல மருந்துக்கடை வச்சிருந்தாரு, சிரியாக்கார முஸ்லிம். அவரப் பாக்கத்தான் போறேன். பதினோரு வருஷம், மாசாமாசம் மொத செவ்வாக்கெழம, லைப்ரரில உக்காந்து சாமி விஷயம் பேசுவோம். ஆரம்பத்துல பத்துப் பேர் வந்தாங்க. பாப்டிஸ்ட் பாஸ்டர் கூட வந்தாரு, நரகத்துல யார் யாருக்கு எடம்னு பேச்சு வந்ததும் கழண்டுக்கிட்டாரு. கடைசில மிஞ்சினது நாங்க ரெண்டு பேரும் ஒரு டப்பா பேரீச்சம்பழமும்.

சண்டையா? போடாமயா? வேதம் ஓதறதில்ல, தொழுகைக்கு நேரம் இல்ல, கடவுள் உங்கள எந்த நம்பர்ல கூப்புடுவாருன்னு நக்கலடிப்பாரு. எந்தப் போருமே கூடாதுன்னு நான் ஒரு தடவ சொல்லிட்டேன். அவர் தம்பி சிரியாவுல, ஹோம்ஸ்ங்கிற ஊர்ல குண்டு விழுந்து செத்தவன். டேசி, உங்க சமாதானம் வயிறு ரொம்பினவங்க சமாதானம்னு எம் பேரச் சொல்லியே சொன்னாரு. சுருக்குன்னுச்சு எனக்கு. ஆனா எங்களுக்குள்ள ஒரு ஒப்பந்தம், ஒருத்தர் சொல்லி முடிச்சா மத்தவங்க ஒரு நிமிஷம் பேசக் கூடாது. அந்த நிமிஷத்துல பாதிக் கோவம் எறங்கிடும். மீதிக் கோவத்தோட பேரீச்சம்பழம் தின்னுட்டுப் போவோம். அவர் என்னைய மாத்தல, நானும் அவர மாத்தல.

அதுக்காக சர்ச் சர்ச்சா கூப்பிட்டு என்னையப் பேச வச்சாங்க, அடுத்த மதத்துக்காரங்ககிட்ட எப்படிப் பழகுறதுன்னு. பேசிப் பேசி அலுத்துப் போச்சும்மா. உக்காந்து காது குடுத்துக் கேக்குறதுல என்ன வித்தை இருக்கு? அது சுலபம்.

அவர் சம்சாரம் ஹனானுக்குப் புத்துநோய். அவங்க ஆளுங்களுக்கு எங்க பக்கத்துல இடுகாடே கெடையாது. ஊருக்கு வெளிய ரெண்டு ஏக்கர் வாங்கினாங்க. அனுமதி குடுக்கலாமா வேணாமான்னு டவுன்ஷிப்ல, அதான் எங்க ஊர் பஞ்சாயத்துல, கூட்டம் போட்டாங்க. கெணத்துத் தண்ணி கெட்டுடும், நெலத்து வெல எறங்கிடும்னு ஒவ்வொருத்தரா மைக்கப் புடிச்சாங்க. ரஷாத் முன் வரிசையிலருந்து ரெண்டு தடவ என்னையத் திரும்பிப் பாத்தாரு. நான் கண்ண மூடி உக்காந்திருந்தேன். மூணுக்கு ரெண்டு ஓட்டுல அனுமதி கெடையாதுன்னு தள்ளிட்டாங்க. ஹனான் செத்ததும் நாலு மணி நேரம் தள்ளி டியர்பார்ன்ல கொண்டுபோய்ப் பொதச்சாங்க. அவ பக்கத்துல இருக்கணும்னு அவரும் கடைய மூடிட்டு அங்கயே போயிட்டாரு. நாலு வருஷம் ஆச்சு.

கேட்டாரும்மா, கேக்காம இருப்பாரா? அன்னிக்கே வெளிய கார் பக்கத்துல நின்னு, ஏன் டேசி எழுந்திருக்கலன்னு கேட்டாரு. வார்த்தை வரல ரஷாத்னேன். எங்க வழக்கப்படி ஒரு நிமிஷம் பேசாம நின்னாரு. அப்புறம், வராதத எப்படிப் பேசுவீங்கன்னு தலையாட்டிட்டாரு. அவங்க ஆளுங்க என்னைய ஏசினப்ப கூட, அவங்க மார்க்கம் அப்படி, பொய் பேசத் தெரியாதவங்கன்னு எனக்காகச் சண்ட போட்டாராம். கோர்ட்டுல கூட நாங்க சத்தியம் பண்ண மாட்டோம், எப்பவும் உண்மதான பேசுறோம்னு. அதையும் அவருக்கு நான்தான் சொல்லிக் குடுத்தேன்.

நீ டொலிடோவுலயே எறங்கிடுவியா? சரி, அதுவும் நல்லதுதான், திரும்ப நாம பாத்துக்கப் போறதில்ல.

அன்னிக்கு மொத ஆளா மைக்கப் புடிச்சது என் தம்பி ஈனோக். அந்த நெலத்துக்குப் பக்கத்து வயல் அவனுது. அவன் வீட்டு மாடியிலதான் நான் இருக்கேன், அவன் பொண்டாட்டி போடுற சாப்பாடுதான். இந்த வயசுல வேற எங்க போறது சொல்லு.

வார்த்தை வந்துச்சும்மா. வந்தா எங்களுக்குத் தெரியும், நெஞ்சு அடிச்சுக்கும், காலு ஒதறும். குவேக்கர்னாலே நடுங்குறவங்கன்னுதான் அர்த்தம், அதத்தான் எங்களுக்குப் பேரா வச்சாங்க. அன்னிக்கு நான் நடுங்கின நடுக்கத்துல பெஞ்சே ஆடிச்சு. பக்கத்துல இருந்த அம்மா, குளிருதான்னு கேட்டு அவங்க சால்வையக் குடுத்தாங்க. ஆமான்னு சொல்லி வாங்கிப் போத்திக்கிட்டேன். வெயில் கொளுத்துற ஜூலை மாசம்மா அது.