தையல் கடை வாசலில் ஒரு தொடுகோடு

— எண்ணெய் எங்கே கொட்டியிருந்துச்சு? மறுபடி சொல்லு.

— எத்தனை தடவைக்கா? வளைவுல பாதி திரும்பினதும். வேன் வழுக்கிடுச்சு, நேரா போய் விளக்குக் கம்பத்துல இடிச்சிடுச்சு. மாமாவுக்குக் கால் நசுங்கிடுச்சு. சத்தியமா இதான் நடந்துச்சு.

— உங்க மாமாவும் வார்த்தை மாறாம இதையேதான் சொல்றார். ரெண்டு பேரும் உக்காந்து மனப்பாடம் பண்ணீங்களா?

— கட்டுப் போட்டுப் படுத்திருக்கிற புருஷன்கிட்டயும் கணக்கு டீச்சர் விசாரணையா? உள்ள போய் அவருக்குக் காபி குடுக்கா.

— காபி ஆறட்டும். இந்த எக்ஸ்ரே கவர்ல நான் போட்டிருக்கிற படத்தைப் பாரு. காலையில டேப்போட போய் அந்த ரோட்டை அளந்துட்டு வந்தேன்.

— அளந்தியா? அட போக்கா!

— இதான் வளைவு, அது ஆரம்பிக்கிற இடம் பூஜ்யம். ஒய் சமம் எக்ஸ் ஸ்கொயர் பை இருபது, அச்சா பொருந்துது. வழுக்கின வண்டி வளைவோட திரும்பாது. வளைவை விட்ட இடத்துல தொடுகோடு எந்தப் பக்கம் போகுதோ, அந்தப் பக்கம் நேரா ஓடும். சரியா? அடுத்த படி. வகையிட்டா எக்ஸ் பை பத்து. எண்ணெய் இருந்த இடத்துல எக்ஸ் இருபது, அப்போ சாய்வு ரெண்டு. கோட்டை நீட்டு.

— நீட்டினா?

— கம்பத்துக்கு நாலரை மீட்டர் தள்ளிப் போகுது. வேனோட அகலத்தைக் கழிச்சாலும் தொடாது.

— வேனுக்கு உன் கணக்கெல்லாம் தெரியுமாக்கா?

— அதுக்குத் தெரியும். அடுத்த படி. கம்பத்துலேர்ந்து பின்னாடி வந்து பார்த்தேன். எந்த இடத்துத் தொடுகோடு கம்பத்துல போய் முட்டுது? எக்ஸ் பத்து, சாய்வு ஒண்ணு. எண்ணெய்க்குப் பதினெட்டு மீட்டர் முன்னாடி, தையல் கடை வாசல்லயே நீ ஸ்டியரிங்கைக் கோட்டை விட்டுட்டே. குடிச்சிருந்தியா?

— ஐயோ, போலீஸ்காரரே ஊதச் சொல்லிப் பார்த்துட்டு ஒண்ணுமில்லன்னு எழுதிட்டார்.

— அப்போ எவளைத் திரும்பிப் பார்த்தே? தையல் கடையில யாரு?

— அங்க தைக்கிறவருக்கு அறுபது வயசுக்கா. பெரிய மீசை.

— சிரிக்காதே! இனிமே கம்பு இல்லாம அவரால நடக்க முடியாதுங்கிறார் டாக்டர். ரெண்டு பேருமா சேர்ந்து என்னமோ மறைக்கிறீங்க. அன்னைக்கே எனக்குச் சந்தேகம்தான். நாலு மணிக்கு வர்றேன்னவங்க அஞ்சே முக்கால் ஆகியும் வரல.

— டயர் பஞ்சர்னு சொன்னேனே.

— எங்க சுத்தறீங்கன்னு கேக்கலாம்னா அவர் போன் அணைஞ்சு கிடக்கு. நீயும் எடுக்கல.

— விட்டுடுக்கா. சொல்ல வேணாம்னு மாமா என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கார்.

— பார்த்தியா! இப்போ சொல்லலேன்னா என் வீட்டு வாசப்படி மிதிக்காதே. நாளைக்கு நானே இந்தக் கவரைப் போலீஸ்ல குடுப்பேன். தையல் கடை வாசல்ல என்னதான் பண்ணினே?

— குனிஞ்சேன். என் போன் காலடியில விழுந்துச்சு. வீட்டுல என்னமோ ஆபத்துன்னு நினைச்சேன்க்கா, நீ ஏழாவது தடவையா அடிச்சுக்கிட்டிருந்தே.